தானே பறக்கும் ட்ரோனுக்கு உயரத்தை எங்கிருந்து அளப்பது?

வரைபடத்தில் வரிசையாகப் புள்ளிகள் வைக்கிறோம். ஒவ்வொரு புள்ளிக்கும் உயரம், வேகம், கேமரா பார்க்க வேண்டிய திசை எல்லாம் கொடுக்கிறோம். பொத்தானை அழுத்தியதும் ட்ரோன் தானே கிளம்பி, புள்ளி புள்ளியாகப் போய்ப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறது. இதை வே பாயின்ட் பறப்பு என்கிறார்கள். சமவெளியில் இது சுலபம். மலைப்பக்கம் போனால் உயரத்துக்கான எண் ஆளை ஏமாற்றிவிடும்.

திரையில் 80 மீட்டர் என்று இருந்தால், ட்ரோனுக்கு 80 மீட்டர் கீழே தரை இருக்கிறது என்றே புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான ட்ரோன்களில் அது புறப்பட்ட இடத்திலிருந்து 80 மீட்டர். உள்ளே இருக்கும் காற்றழுத்தமானி, கிளம்பிய இடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடுகிறது. கீழே நிலம் ஏறுவதோ இறங்குவதோ அதற்குத் தெரியாது.

கொல்லிமலைச் சாலையை எடுத்துக்கொள்வோம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையை மேலிருந்து படம்பிடிக்க ஆசைப்படாதவர் இல்லை. அடிவாரத்தில் கிளம்பி 80 மீட்டரில் மலையை நோக்கிப் போகும்படி பாதை போட்டால், சில வளைவுகளுக்குள்ளேயே சரிவு அந்த 80 மீட்டரைத் தாண்டிவிடும். ட்ரோன் நேரே போய் மரத்தில் மோதும். உச்சியிலிருந்து கிளம்பினால் சிக்கல் தலைகீழ். 60 மீட்டர் உயரத்தில் 200 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கைக் கடக்கும் ட்ரோன், தரையிலிருந்து 260 மீட்டரில் இருக்கிறது. இந்தியாவின் ட்ரோன் விதிகள் 2021 பச்சை மண்டலத்தில் முன் அனுமதியின்றி விடுவது 400 அடி வரை, அதாவது சுமார் 120 மீட்டர்தான். அது தரையிலிருந்து அளப்பது. பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்கலாம். காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும். வணிகத்துக்காகப் படமெடுப்பவர் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை இயக்கச் சான்றிதழும் தேவை.

ஆகவே பாதையை வீட்டிலேயே, பெரிய திரையில் போடுங்கள். லிட்சி போன்ற ஆப்களில் ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் கீழே உள்ள தரையிலிருந்து கணக்கிடச் சொல்லலாம். கூகுள் எர்த்தில் அதே பாதையை ஓட்டிப் பார்த்தால் எங்கே மலை குறுக்கிடுகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் இத்தகைய தரை உயரத் தரவை முழுதாக நம்ப வேண்டாம். இதற்குப் பரவலாகப் பயன்படும் தொகுப்புகளில் ஒன்று, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் மூலம் அளந்தது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் அதில் உண்டு. அதற்குப் பின் வளர்ந்த சில்வர் ஓக் மரமும், எழுந்த செல்போன் கோபுரமும், இழுத்த மின்கம்பியும் அதில் இல்லை. கம்பிதான் மிக ஆபத்து. தடை உணரும் சென்சார்கள்கூட மெல்லிய கம்பியைத் தவறவிடும். பறக்கவிடும் முன் இடத்துக்குப் போய் நடந்து பாருங்கள். மிக உயரமான மரத்துக்கும் மேலே குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விடச் சொல்வேன்.

இன்னொன்று பலருக்கும் தோன்றாது. சேமித்த பாதையை அடுத்த முறை 15 மீட்டர் தாழ்வான இடத்திலிருந்து தொடங்கினால், எல்லாப் புள்ளிகளும் 15 மீட்டர் கீழே இறங்கிவிடக்கூடும். கிளம்பும் இடத்தையும் திட்டத்தின் பகுதியாகக் குறித்து வையுங்கள்.

சிக்னல் அறுந்தால் என்ன நடக்கும் என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். சில ட்ரோன்கள் முழுப் பாதையையும் தம்முள் ஏற்றிக்கொண்டு, தொடர்பு போனாலும் பறந்து முடிக்கும். சில சிறிய ட்ரோன்களுக்கு ரிமோட்டிலிருந்து நொடிக்கு நொடி கட்டளை போக வேண்டும்; மலைமுகட்டுக்குப் பின்னால் போனதும் பாதை நின்றுவிடும். வீடு திரும்பும் ட்ரோன் பெரும்பாலும் நேர்கோட்டில் வரும் என்பதால், திரும்பும் உயரம் இடையிலுள்ள முகட்டைவிட அதிகமாக இருக்கட்டும். அந்த எண்ணும் கிளம்பிய இடத்திலிருந்துதான். போகும்போது முதுகில் அடிக்கும் காற்று, வரும்போது முகத்தில் அடிக்கும். ஆகவே பேட்டரியில் 30 சதவீதம் மிஞ்சும்படி பாதையைச் சுருக்குவது நல்லது. ட்ரோன் எப்போதும் கண்ணில் படட்டும். ரிமோட் கையிலேயே இருக்கட்டும். பருந்து நெருங்கினால் பறப்பை உடனே நிறுத்திவிடுங்கள்.

பாதை பத்திரமானால் படத்தைப் பற்றி யோசிக்கலாம். புள்ளிகள் குறைவாக இருந்தால் அசைவு வழுவழுப்பாக வரும். ஒவ்வொரு புள்ளியிலும் நின்று திரும்பாமல் வளைந்து செல்லும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். கேமராவைத் தாங்கும் கிம்பலின் சாய்வையும் நீண்ட தூரத்தில் மெதுவாக மாற்றுங்கள். வினாடிக்கு 5 மீட்டர் வேகம், 100 மீட்டர் உயரத்தில் ஊர்வதுபோல் தோன்றும். மரத்தலைக்குச் சற்று மேலே அதுவே பாய்ச்சல். வளைவுகளில் ட்ரோன் சூரியனை நோக்கித் திரும்பும்போது படம் திடீரென இருளாமலிருக்க, வெளிச்ச அளவையும் நிறச் சமநிலையையும் கையால் நிலைநிறுத்திவிடுங்கள். வினாடிக்கு 25 பிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 இருக்கட்டும். பகல் வெயிலில் அதற்கு ஒளியைக் குறைக்கும் என்டி பில்டர் வேண்டும். காலை வெயில் சாய்ந்து விழும் நேரமென்றால் பெரும்பாலும் மெல்லிய பில்டரே போதும், வளைவுகளின் நிழலும் நன்றாக விழும்.