கயிறு இறுகினால் எஞ்சின் பலமாகிவிட்டதா?

ஊர் திரும்பும் விவசாயக் குடும்பம் முதலில் கிணற்றைத் துப்புரவாக்கும். அடுத்ததாக இறைக்கும் இயந்திரத்தைத் தேடும். 2010ஆம் ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்துக்குத் திரும்பிய விவசாயி ஒருவர், பழைய இரும்போடு கிடந்த சிறிய எஞ்சின் ஒன்றை வாங்கி, பட்டறையொன்றில் திருத்தி வந்தார். "சுவாமி, முந்தி இல்லாத பலம் வந்திட்டுது. கயிறு இழுக்கிறதே பெரும்பாடு" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நானும் மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் கயிறு திருப்பி அடித்து அவருடைய மகனின் மணிக்கட்டு முறிந்தது. அடுத்த கிழமை பிஸ்டனின் தலையில் துளை விழுந்தது. வெங்காயம் வாடியது. நாங்கள் பலம் என்று நினைத்தது நோயின் அறிகுறி.

அமுக்கம் ஏறினால் என்ன நடக்கும்?

இது இரு அடிப்பு எஞ்சின். கராஜ்காரர் "ரூ ஸ்ரோக்" என்பார்கள். கிராங் ஒருமுறை சுற்றும்போது ஒருமுறை வெடிக்கும். பிஸ்டன் மேலேறிப் புகை வெளியேறும் துவாரத்தை மூடியதும், காற்றும் எரிபொருளும் மேலேயுள்ள சிறிய அறைக்குள் நெருக்கப்படுகின்றன. அளவான நெருக்கம் பலம் தரும். அளவுக்கு மீறினால் கலவை சூடேறி, தன்பாட்டில் வெடிக்கும். உலோகத்தில் தட்டுவதுபோன்ற சத்தம் கேட்கும். பிஸ்டன் உருகும், போல்பெயாரிங் தேயும்.

மண்ணெண்ணெய் பெற்றோலைவிட எளிதாகத் தட்டும். ஆகவே மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களைக் குறைந்த அமுக்கத்திலேயே அமைப்பார்கள். 1990களில் வடக்கில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். தட்டும் சத்தத்தை அன்றே பலர் கேட்டிருப்பீர்கள்.

செலவில்லாததை முதலில் பாருங்கள்

எடுத்தவுடன் எஞ்சினைக் கழற்ற வேண்டாம். பின்வரும் ஒழுங்கில் பாருங்கள்.

1. அளவுமானி. பிளக்கைக் கழற்றி, அதன் வயரை எஞ்சின் உடலோடு தொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெளியே தெறிக்கும் எரிபொருளில் தீப்பொறி பட்டு எரியலாம். மானியைப் பூட்டி, திறொட்டிலை முழுதாகத் திறந்து, முள் மேலும் ஏறாத வரைக்கும் கயிற்றை இழுங்கள். சிறிய இரு அடிப்பு எஞ்சின்களில் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 100 முதல் 150 இறாத்தல் வரை காட்டும். 180ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். அதே மானியை நல்ல எஞ்சின் ஒன்றிலும் பூட்டிப் பாருங்கள். பிழை மானியிலும் இருக்கலாம்.

2. ஈரம். சிலிண்டருக்குள் ஒயிலோ எரிபொருளோ தேங்கினால் அறை சிறுத்து அமுக்கம் கூடும். பிளக் இல்லாமல் பலமுறை இழுத்து, உலரவிட்டு, மீண்டும் அளவுங்கள். அளவு இறங்கினால் காரணம் அதுதான்.

3. கரி. ஒயில் கூடுதலாகக் கலந்தாலும், மண்ணெண்ணெயில் நெடுநாள் ஓடினாலும் பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கரி படியும். ஹெட்டைக் கழற்றி, மரச்சீவலால் சுரண்டுங்கள். இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும்.

4. மாற்றியமைத்த பாகங்கள். மேலுள்ள மூன்றும் சரியென்றால் பட்டறையில் செய்த வேலையைச் சந்தேகியுங்கள். ஹெட்டைச் சீவியிருக்கலாம். மெல்லிய காஸ்கெட் போட்டிருக்கலாம். சிலிண்டரின் அடிக்காஸ்கெட்டை விட்டிருக்கலாம். வேறு எஞ்சினின் உயரமான பிஸ்டனைப் போட்டிருக்கலாம். துளையைப் பெருப்பித்துப் பெரிய பிஸ்டன் போட்டாலும் அமுக்கம் சற்று ஏறும்.

சிரிஞ்சால் அளத்தல்

மானி இல்லாதவர்களுக்கு ஒரு சிரிஞ் போதும். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை மேலே பார்க்கும்படி எஞ்சினை நிறுத்துங்கள். பிளக் துளையின் புரி தொடங்கும் இடம்வரை ஒயிலைச் சிரிஞ்சால் விடுங்கள். ரிங் வழியே கசியுமுன் விரைவாகச் செய்ய வேண்டும். எத்தனை சீசீ பிடித்தது என்று குறியுங்கள். பிறகு ஒயிலை உறிஞ்சி எடுத்து, பிளக் பூட்டாமல் பலமுறை சுற்றி மீதியை வெளியேற்றுங்கள். ஒயில் உள்ளே இருக்க பிளக்கைப் பூட்டி இழுத்தால் எஞ்சின் உடையலாம்.

ஓர் உதாரணம்: துளை 50 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 50 மி.மீ. என்றால் சிலிண்டர் 98 சீசீ. மேலறை 14 சீசீ பிடித்தால், 98ஐயும் 14ஐயும் கூட்டி 14ஆல் வகுக்க 8 வரும். அதுவே அமுக்க விகிதம். பட்டறையில் துளையின் முழு அகலத்துக்கும் ஒரேயொரு மில்லிமீற்றர் சீவினால் அறை 12 சீசீ ஆகும், விகிதம் 9.2க்கு ஏறும். ஒரு மில்லிமீற்றர் எங்கள் கண்ணுக்குச் சிறிது. பிஸ்டனுக்கு அது பெரிது.

திருத்தம்

சீவிய ஹெட்டுக்கு ஈடாகத் தடித்த செம்புக் காஸ்கெட் வெட்டிப் போடலாம். செம்பைச் செந்நிறமாகும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மெதுமையாகி நன்றாகப் படியும். சிலிண்டரின் அடியில் காஸ்கெட்டைத் தடிப்பாக்கி ஈடுசெய்ய வேண்டாம். துவாரங்கள் திறந்து மூடும் நேரம் மாறிவிடும். ஆனால் அடிக்காஸ்கெட் இல்லாமலிருந்தால் உரிய தடிப்பில் ஒன்றைப் போடுங்கள். அமுக்கம் இறங்கும்வரை அந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றவே வேண்டாம்.

அந்த விவசாயியின் எஞ்சினைத் திறந்தபோது, ஹெட் சீவப்பட்டிருந்தது. காஸ்கெட் தகரப்பேணியில் வெட்டியதாக இருந்தது. புதுப் பிஸ்டனும் செம்புக் காஸ்கெட்டும் போட்ட பின்னர், கயிற்றை அவர் ஒருவரே இலகுவாக இழுத்தார். "சுவாமி, பலம் குறைஞ்சு போச்சோ?" என்று கேட்டார். இறைத்த தண்ணீர் குறையவில்லை.

பட்டறைக்குக் கொடுக்குமுன் அமுக்க அளவையும் அறையின் சீசீயையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். எஞ்சின் திரும்பி வந்ததும் மீண்டும் அளந்து பாருங்கள். அறை சிறுத்திருந்தால், கயிற்றை இழுக்குமுன் ஏனென்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கையும் பயிரும் உங்களுடையவை.