மனநிறைவை யார் தருவார்?

ஈக்காட்டுத்தாங்கலில் காலை வேளையில் நின்று பார்ப்போர் இருவகை உழைப்பாளரைக் காண்பர். சாப்பாட்டுத் தூக்குடன் பட்டறைகளுக்கு விரைவோர் ஒரு சாரார்; 2015-இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்தினின்று இறங்கி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கணினி அலுவலகங்களுக்குச் செல்வோர் மற்றொரு சாரார். 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை தோன்றிய நாள்முதல் இப்பகுதியில் பல வீடுகளின் அடுப்பு லேத்துப் பட்டறை ஊதியத்தால் எரிந்தது. இன்று தந்தை பட்டறையிலும் மகன் கணினி முன்னும் உழைக்கும் வீடுகள் உண்டு. ஊதியம் வேறு, உடை வேறு. ஆயினும் மாலையில் இருவர் வாயிலும் நாம் கேட்பது ஒரே சொல்தான்: "என்ன வேலையோ, சாமி! ஏதோ காலம் போகிறது."

இம்மனக்குறையை எளிதாய்த் தள்ளிவிடலாகாது. வேலை கசந்தால் அக்கசப்பு வீட்டுக்குள்ளும் வரும். மனைவிமீதும் மக்கள்மீதும் பாயும். ஆனால் இதை மாற்றவேண்டியவர் யாரென்று வினவினால், முதலாளி, மேலாளர், அரசு, தலைவிதி என விரல் வெளியேதான் நீளுகிறது.

இதே சென்னையில், துறைமுகக் கணக்கு அலுவலகத்தில், 1912 மார்ச் முதல் நாள் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராய்ச் சேர்ந்தார் ஓர் இளைஞர். கல்லூரித் தேர்வில் தோற்றவர்; பட்டம் இல்லாதவர். கணிதம் ஒன்றே அவர் உயிர். நெல்லூர் ஆட்சியராயிருந்த இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி செய்துவந்தார்; பிறர் கையை எந்நாளும் எதிர்பார்த்திருக்க மனமில்லாமல் இவ்வேலையைத் தேடிக்கொண்டார். பகலில் துறைமுகக் கணக்கு. மற்றை வேளையில் சிலேட்டுப் பலகையில் தம் கணக்கு. தாள் வாங்கக் காசு போதாமையால் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழிப்பாராம்.

அவரே சீனிவாச இராமானுஜன். அவருடைய மேதையைப் பலர் புகழ்ந்துள்ளனர். நாம் வியப்பது அவருடைய விடாமுயற்சியையே. தம் கணிதத்தை மதிப்பிடவல்லோர் இங்கே அரியர் என்றறிந்து, கேம்பிரிட்ஜ் அறிஞர்களுக்கு எழுதினார். முதலில் எழுதிய இருவரிடமிருந்து உதவி கிட்டவில்லை. 1913 சனவரி 16-இல் ஹார்டி என்பவருக்கு எழுதினார். தாம் துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்பதை மறைக்காமல் தொடக்கத்திலேயே குறிப்பிட்டார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. மறு ஆண்டு மார்ச் 17-இல் கப்பலேறினார். அவர் வேலையைப் பழித்துக்கொண்டு வாளாவிருந்தாரில்லை. வேலையை உதறிவிட்டுத் திண்ணையில் அமர்ந்தாருமில்லை. மேலதிகாரிகளான நாராயண ஐயரும் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணைநின்றனர். ஆனால் தம் குறிப்பேட்டைப் பிறரிடம் காட்டத் துணிந்தவருக்கே அத்துணை கிட்டிற்று என்பதை மறத்தலாகாது.

எல்லாரும் இராமானுஜன் ஆவரோ என்பீர்கள். ஆகார், ஆகவும் வேண்டா. லேத்தில் நிற்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஜாப்பை மாட்டுகிறார், கழற்றுகிறார். அளவு பார்ப்பதை மேற்பார்வையாளருக்கு விட்டுவிடுகிறார். மற்றவர் வரைபடத்தைப் படிக்கக் கற்கிறார். மைக்ரோமீட்டரைத் தாமே பிடிக்கிறார். இத்துண்டு எந்த இயந்திரத்தில், எதற்காகப் பொருந்துகிறதெனக் கேட்டறிகிறார். பின்னாளில் கணினியால் இயங்கும் லேத்து வந்தபோது அஞ்சாதவர் இவரே. பணியிலிருக்கும் டிப்ளமோக்காரர்களுக்கென மாலைநேரப் பொறியியற் படிப்பைக் கிண்டிப் பொறியியற் கல்லூரி நடத்திவந்தது. பகலெல்லாம் உழைத்துவிட்டு அங்கே அமர்ந்தோரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இங்கே ஒரு சொல் முதலாளிமார்க்கும். "மனநிறைவு உன் பொறுப்பு" என்பதைக் குறைந்த கூலிக்குச் சாக்காக்குதல் அநீதி. நேரிய கூலி தொழிலாளியின் உரிமை என்பதைத் திருச்சபை 1891-லேயே உரைத்தது. கல்லுடைக்கும் குவாரியிலும் இரசாயன ஆலையிலும் வேலைசெய்தவரான திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 1981-இல் விடுத்த சுற்றுமடலில், வேலை மனிதனுக்காகவே அன்றி மனிதன் வேலைக்காக அல்லன் எனத் தெளிவுறுத்தினார். ஆகவே ஊதியத்துக்காகச் சங்கத்தில் சேர்ந்து கேட்பதும் தன் பொறுப்பை ஏற்பதன் ஒரு கூறே. ஆனால் கூலி உயர்ந்த பின்னும் கசப்பு நீங்காதவர் பலரை நாம் அறிவோம். அங்கே சங்கமும் செய்யக்கூடியது சிறிதே.

பெற்றோர் பொறுப்பும் சிறிதன்று. அடுத்த வீட்டுப் பிள்ளை படித்ததையே நம் பிள்ளைக்கும் தேர்ந்துவிட்டு, பிறகு "கிடைத்ததில் திருப்தியடை" என்கிறோம். முப்பது வயதில் மகன் வேறு தொழில் கற்க விழைந்தால் வீடே கலங்குகிறது. திருமணக் கடனும் வாடகையும் கலங்கச் செய்வது இயல்பே. வேலையை இன்றே விடச் சொல்லவில்லை. எழுத்தர் வேலையில் இருந்தபடியேதான் இராமானுஜனும் கடிதம் எழுதினார். மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி, அவனுக்கு ஒரு மேசையும் ஒரு விளக்கும் ஒதுக்க இயலுமா என்பதை இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு சென்றதும் கணவனும் மனைவியும் கலந்து பேசுங்கள்; மகனையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்.