முதுகில் ஊசி போடலாமா?

"முதுகில் ஊசியா? கால் விளங்காமல் போய்விடுமே!" இப்படிப் பலர் பயப்படுகிறார்கள். திருவனந்தபுரத்தில் 1951-லேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. குமரி மாவட்டத்தாரும் அந்த ஊருக்கு வைத்தியத்துக்குப் போகிறார்கள். அவர்களிடமும் இந்தப் பயம் உண்டு. முதுகெலும்புக்குள் நரம்புகள் ஓடுகின்றன. பயப்படுவது நியாயம்தான்.

எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல வட்டுகள் இருக்கின்றன. வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் நரம்பு வீங்கும். இடுப்பிலிருந்து கால் வரை வலி இழுக்கும். வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை அந்த நரம்பின் அருகே போட வேண்டும்.

முன்பு டாக்டர்கள் கைப்பழக்கத்தை நம்பி ஊசி போட்டார்கள். இப்போது எக்ஸ்ரே துணை செய்கிறது. நோயாளி குப்புறப் படுப்பார். கதிர் அரிவாள் போல வளைந்த கருவி அவரைச் சுற்றி நிற்கும். ஊசி முனை போகும் வழி டி.வி. பெட்டியில் தெரியும். முதலில் சிறிது சாய மருந்து செலுத்துவார்கள். அது சரியான இடத்தில் பரவுகிறதா என்று பார்த்த பிறகே வலி மருந்து. இதனால் ஆபத்து மிகக் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

வலி சில வாரமோ சில மாதமோ குறையும். எல்லோருக்கும் குறையாது. சர்க்கரை நோய், கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவற்றை டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.