நெருப்பு தீட்டிய கிண்ணங்கள்

அணுசக்தி நகரில் வாழும் நண்பர் ஒருவர், சீனம் சென்று திரும்புகையில் வாங்கிவந்த தேநீர்க் கிண்ணம் ஒன்றை அண்மையில் என்னிடம் காட்டினார். கைப்பிடி இல்லை, கருநிறம், உட்புறமெங்கும் வெள்ளிக் கோடுகள் மழைத்தாரைபோல் இறங்கியிருந்தன.

“வர்ணம் வழிந்த சரக்கை உம் தலையில் கட்டிவிட்டார்களே!” என்றேன்.

“இதில் வர்ணமே தீட்டவில்லை, ஐயா” என்று நகைத்தார் நண்பர்.

ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு, ஒன்றோடொன்று ஒத்துவராதவை யாவும் பிழையாகவே தோன்றும். அன்று பிழை என்னுடையதே.

இக்கிண்ணங்களின் தாயகம் புஜியன் மாநிலத்து ஜியன்யாங் பகுதி. சோங் மரபினர் ஆண்ட காலத்தில் (960–1279) இவை பெரும்புகழ் பெற்றன. அந்நாளில் தேயிலைப் பொடியில் வெந்நீர் வார்த்து, வெண்ணுரை பொங்கக் கடைந்து அருந்தினர். அந்நுரை எடுப்பாகத் தெரியக் கரிய கிண்ணமே ஏற்றது எனப் பேரரசர் ஹுயிசோங்கும் கருதினார்.

இக்கோலம் எவ்வாறு அமைகிறது? இரும்புச்சத்து மிகுந்த மண்ணில் வனைந்த கிண்ணத்திற்கு, மண்ணும் மரச்சாம்பலும் குழைத்த மெருகுப் பூச்சு இட்டு, ஏறக்குறைய 1300 பாகை வெப்பத்தில் சுடுகின்றனர். பூச்சு உருகுகையில் எழும் குமிழிகள் இரும்பை மேற்பரப்பிற்குக் கொணர்கின்றன. அந்நிலையில் ஆறினால் எண்ணெய்த் துளி போன்ற புள்ளிகள். மேலும் உருகி வழிந்தால் முயல்மயிர் போன்ற கோடுகள். எது அமையும் என்பதைச் சூளை திறக்குமுன் குயவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. வானவில் ஒளி வீசும் வகையோ மிக அரிது. அவற்றுள் மூன்று ஜப்பானில் தேசியச் செல்வங்களாகப் போற்றப்படுகின்றன. 2014-இல் விஞ்ஞானிகள் பழங்கிண்ணங்களின் மெருகை ஆராய்ந்து, ஆய்வுக்கூடத்திலும் தூய்மையாக உருவாக்குவதற்கு அரிதான ஓர் இரும்பு ஆக்சைடை அதில் கண்டனர். பழங்குயவரின் சூளை அதனை என்றோ படைத்துவிட்டது!

ஆயினும் இவ்வழகிற்கு விலை உண்டு. பழஞ்சூளைகளின் அருகே, கோணியும் ஒட்டியும் உடைந்தும் போன கிண்ணங்கள் மேடுமேடாகக் கிடக்கின்றன. ஒரு நற்கிண்ணத்தின் பின்னே எத்தனை நாளைய உழைப்பு மண்ணாயிற்றோ!

நம் தாராவிக் கும்பார்வாடாவிலும், குஜராத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாக இந்நெருப்போடுதான் வாழ்கின்றன. அங்கே பூச்சு இல்லாத எளிய மண்கலங்களிலும் புகை தன் கருமையைப் பதித்துவிடுகிறது. அத்தகைய அகலைப் “பழுது” எனத் தள்ளி, நல்லதற்கும் பேரம் பேசியவன் நான்.

வருகின்ற கார்த்திகைக்குக் கறைபட்ட அகல்களையும் கேட்ட விலைக்கே வாங்க எண்ணியுள்ளேன். விளக்கேற்றினால் சுடர் குறைந்துவிடப் போகிறதா, என்ன?