கை ஓடுது, கால் ஓடலையே!

விடியுமுன்னே கம்பெனி பஸ் ஊருக்குள் வந்துவிடும். தூக்குவாளியோடு ஏறும் பெண்கள் பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், எழுந்திருப்பது சாப்பாட்டுக்குத்தான். காகிதக் குழாய் உருட்டும் விரல்களின் வேகத்துக்கு நம் கண் ஈடுகொடுக்காது. சாயங்காலம் இடுப்பும் முதுகும் விட்டுப்போகும். அவர்களிடம் போய் உடற்பயிற்சி என்றால், "உழைக்கிற உடம்புக்கு எதுக்குண்ணே வாக்கிங்?" என்றுதான் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அலுப்பு வேறு, இதயத்துக்குப் பயிற்சி வேறு. தொடை, கெண்டைக்கால் தசைகள் தொடர்ந்து இயங்கி ஆக்சிஜன் கேட்டால்தான் இதயம் வேகம் பிடிக்கும். வாரக்கணக்கில் அப்படிப் பழகிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும். நேற்று மூச்சு வாங்க வைத்த மாடிப்படி இன்று வைக்காது. விரல் எத்தனை வேகமாக ஓடினாலும் இது நடக்காது.

லண்டன் மாடி பஸ்களில் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் இதைத்தான் பார்த்தார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, தினம் 500 முதல் 750 படி ஏறி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. 1953-இல் வெளியான ஆய்வு அது. கண்டக்டர்கள் யாரும் ஜிம்முக்குப் போய் இதைச் சம்பாதிக்கவில்லை.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக நடக்க வேண்டியதில்லை. ஐந்து, பத்து நிமிடங்களாகச் சேர்த்தாலும் கணக்குத்தான். தண்ணீர்க் குடம், கடைக்குச் சைக்கிள், பள்ளிக்கூடம் வரை பிள்ளையோடு நடை எல்லாமே சேரும். அளவுகோல் எளிது: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஆனால் ஆலைக்குள் மட்டும் இந்த வேகம் வேண்டாம். வெடிமருந்து இருக்கும் இடத்தில் நிதானமே உயிர்.

அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறுகிறவர்கள் அடிவாரத்துத் தாணிப்பாறை தாண்டிய முதல் ஏற்றத்திலேயே பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்ற 29 நாளும் உட்கார்ந்திருந்ததன் பலன் அது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை என்று 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் பயர் ஆபீஸ் விட்டு வருகிறவருக்கு அந்தப் பாதைவரை போய்வர நேரம் ஏது?

அதனால் சாயங்காலம் வெயில் தாழ்ந்து பஸ் திரும்பும்போது, ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வாருங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்றுவிட்டு, முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.