பழைய கார் பேரம்: காரணம் சொல்லிக் குறைங்க!

சம்பளத்துல மிச்சம் பிடிச்சு போடியில பழைய கார் பார்க்கிறீங்களா? "கொஞ்சம் குறைங்கண்ணே"ன்னு மட்டும் கேட்டா ஆயிரம், ரெண்டாயிரம்தான் குறையும். காரணத்தோட கேளுங்க.

முதல்ல மெக்கானிக்கோட காரை குரங்கணி ரோட்டுல ஓட்டிப் பாருங்க. கிளட்ச் வழுக்குறது, இன்ஜின் சூடாகுறது ஏத்தத்துல தெரியும். பிரேக் எப்படின்னு இறக்கத்துல தெரியும். அவர் சொல்ற செலவை எழுதிக்கோங்க.

அடுத்து நம்பர் பிளேட். போடிமெட்டு தாண்டினா கேரளா. கே.எல். வண்டி விலை கம்மியா இருந்தாலும், அங்க தடையில்லாச் சான்று வாங்கி, இங்க வரி கட்டி, டி.என். நம்பருக்கு மாத்தணும். அதையும் கணக்குல சேருங்க.

உதாரணத்துக்கு, கேட்கிற விலை 3,00,000. கிளட்ச் 12,000, டயர் 16,000, இன்சூரன்ஸ் 7,000. மொத்தம் 35,000. "அண்ணே, வண்டி நல்லாருக்கு. ஆனா எடுத்ததும் இவ்வளவு செலவு இருக்கு"ன்னு பேப்பரைக் காட்டிட்டு, 2,50,000-ல ஆரம்பிங்க. 2,65,000-ஐத் தாண்டாதீங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: ஆர்.சி.யில பேங்க் பேர் இருந்தா, கடன் முடிஞ்ச சான்றும் படிவம் 35-ம் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. விலை எவ்வளவு குறைஞ்சாலும் சரி!