மூக்கின் ரகசியத்தைக் கண்ட பெண்

ரோஜா மணக்கிறது. அழுகிய முட்டை நாறுகிறது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும், எது எது என்று மூக்கு சொல்லிவிடும்.

எப்படிச் சொல்கிறது?

நெடுங்காலமாக இதற்குச் சரியான விடை இல்லை. விடை கண்டவர் ஒரு பெண். அவர் பெயர் லிண்டா பக். 1947-ம் ஆண்டு, அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பிறந்தவர். தந்தை எலக்ட்ரிகல் என்ஜினீயர். தாயாருக்கு வார்த்தைப் புதிர் என்றால் உயிர். அந்த ஆசை மகளுக்கும் ஒட்டிக்கொண்டது போலும்!

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ரிச்சர்டு ஆக்ஸல் என்ற பேராசிரியரிடம் லிண்டா ஆராய்ச்சி செய்துவந்தார். கடல் நத்தை ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சி அது. 1985-ல், வாசனை பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தார். மனம் அதிலேயே நின்றுவிட்டது.

நத்தை வேலை முடிந்தது. லிண்டா வேறு இடம் தேடிப் போகவில்லை. 1988-ல், அங்கேயே மூக்கு ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

எலி மூக்கு

மூக்கின் உள்ளே, மேல்பகுதியில் நரம்பு செல்கள் இருக்கின்றன. காற்றில் வரும் வாசனைத் துகளைப் பற்றிக்கொள்ள அவற்றில் 'ஏற்பிகள்' இருக்கவேண்டும். ஏற்பியை உண்டாக்கும் மரபணு எது? அதைத்தான் எலியின் மூக்கில் லிண்டா தேடினார்.

பல வழிகளில் தேடினார். அகப்படவில்லை. ஓர் ஆண்டு போயிற்று. இன்னோர் ஆண்டும் போயிற்று. அவர் விடவில்லை.

1991-ல் அகப்பட்டது. ஒன்றல்ல, ஒரு பெரிய குடும்பமே! முதலில் 18 மரபணுக்களின் விவரத்தை லிண்டாவும் ஆக்ஸலும் வெளியிட்டார்கள். எலிக்கு இவை ஆயிரம் அளவில் உண்டு என்று பின்னர் தெரிந்தது. மனிதனுக்கு வேலை செய்பவை ஏறக்குறைய 400.

கல்லும் கள்ளும்

நானூறை வைத்துக்கொண்டு எண்ணற்ற வாசனைகளை அறிவது எப்படி? 1999-ல் லிண்டாவின் குழு இதையும் விளக்கியது. ஒரு வாசனை, பல ஏற்பிகளைச் சேர்த்துத் தட்டுகிறது. எழுத்துகள் கூடிச் சொல் ஆவதுபோலத்தான். 'கல்' என்பதில் ஓர் எழுத்து மாறினால் 'கள்' ஆகிவிடுகிறது அல்லவா?

ஆக்டனால் என்ற திரவம் ஆரஞ்சுப்பழம்போல் மணக்கும். ரசாயன அமைப்பில் அதற்கு மிக நெருங்கியது ஆக்டனாயிக் அமிலம். அதுவோ வியர்வை நாற்றம் அடிக்கும்!

2004-ல் லிண்டாவுக்கும் ஆக்ஸலுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு வந்தது ஒரு சோதனை. மூளைக்குள் வாசனை போகும் வழியைப் பற்றி, 2001, 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் லிண்டாவின் குழு மூன்று கட்டுரைகள் வெளியிட்டிருந்தது. அந்தச் சோதனைகளை அவர்களே திரும்பச் செய்து பார்த்தார்கள். அதே முடிவு வரவில்லை.

லிண்டா மூடி மறைக்கவில்லை. 2008-ல் ஒரு கட்டுரையையும், 2010-ல் மற்ற இரண்டையும் வாபஸ் பெற்றார். 1991-ல் கண்டது மட்டும் அசையாமல் நிற்கிறது.